துப்ரோவ்னிக் போக ரயிலைத் தேடாதீர்கள்

குரோஷியாவின் கோட்டை நகரமான துப்ரோவ்னிக்குக்கு ரயிலே கிடையாது. பழைய பாதையை 1976-லேயே மூடிவிட்டார்கள். ரயிலில்தான் போவேன் என்பவர்கள் ஸ்ப்ளிட் நகரில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். சுமார் நாலு, நாலரை மணி நேரம். வலப்பக்க ஜன்னல் சீட்டைப் பிடித்துவிடுங்கள், வழியெல்லாம் கடல்!

முன்பு இந்த வழியில் நியூம் என்ற ஊர் அருகே சில கிலோமீட்டர் பக்கத்து நாடான போஸ்னியாவுக்குள் புகுந்து வர வேண்டும், பாஸ்போர்ட் வரிசை வேறு. 2022-ல் பெல்யெஷாட்ஸ் பாலம் திறந்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. இருந்தாலும், ஒருமுறை மட்டும் நுழையும் ஷெங்கன் விசாவில் (குரோஷியா உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) போகிறவர்கள், பஸ் பாலம் வழியாகத்தான் போகிறதா என்று கேட்டுவிட்டே டிக்கெட் வாங்குங்கள். போஸ்னியா ஷெங்கனில் இல்லை, அங்கே கால் வைத்தால் திரும்ப நுழைய முடியாது. ஏற்கெனவே ஷெங்கனுக்குள் நுழைந்துவிட்டவர்கள், ஷெங்கனில் இல்லாத பக்கத்து நாடான மாண்டினீக்ரோவின் டிவாட் விமான நிலையத்தில் மலிவாக இறங்கலாம் என்று யோசித்தாலும் இதே சிக்கல்.

கோடையில் ஸ்ப்ளிட்டிலிருந்து கட்டமரான் படகும் உண்டு, தீவுகளைத் தொட்டுக்கொண்டு வரும். இத்தாலியின் பாரியிலிருந்து கப்பலும் வரும். பஸ்ஸோ படகோ, இறங்குவது க்ரூஷ் பகுதியில். கோட்டை வாசலுக்கு அங்கிருந்து சுமார் 3 கிலோமீட்டர், டவுன் பஸ் இருக்கிறது.