கம்ப்ரஷன் மிகுந்த லாரி எஞ்சினில் டர்போ பொருத்துவது எப்படி?

ஆத்தங்குடிப் பூக்கல்லோ செங்கல்லோ ஏற்றிக்கொண்டு காரைக்குடிச் சுற்றுவட்டாரத்தில் ஓடும் பழைய லாரிகளில், டர்போ இல்லாத ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின்கள் இன்னும் இருக்கின்றன. லோடு ஏறியதும் கரும்புகை தள்ளும் அத்தகைய வண்டிக்கு, புகைவாயுவின் விசையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ ஒன்றை வைத்துவிட்டால் இழுவை கூடும் என்று உரிமையாளர்கள் நினைப்பது சரிதான். ஆனால் செலவின் பெரும்பகுதி டர்போவுக்குப் போகாது, ஹெட்டுக்கும் (சிலிண்டர்களை மேலே மூடும் பகுதி) டீசல் பம்புக்கும்தான் போகும் என்பதை வேலை தொடங்குமுன்பே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்துவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துவதால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது.

டர்போ இல்லாத நேரடி இன்ஜெக்‌ஷன் டீசல் எஞ்சின்களின் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்ற விகிதம், பெரும்பாலும் 17 முதல் 18 வரை இருக்கும். உள்ளே வரும் காற்றின் அழுத்தம் ஒன்றரை மடங்கானால், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போதுள்ள அழுத்தமும் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். அந்தச் சுமையை ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டும் ஹெட் போல்ட்டுகளும் பேரிங்குகளும் தாங்கியாக வேண்டும். ஆகவே பிஸ்டனை மாற்றாத எஞ்சினுக்கு டர்போ தரும் கூடுதல் அழுத்தம் 0.5 பார், டயர்க் கடைக் கணக்கில் 7 பவுண்டு, போதும் என்பது என் கருத்து. தடித்த கேஸ்கட் போட்டுக் கம்ப்ரஷனைக் குறைக்கலாம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. அதில் எரிப்பு கெட்டு, காலையில் வண்டி கிளம்பவே அடம்பிடிக்கும்.

முதலில் ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷன் அழுத்தத்தையும் கேஜ் வைத்துப் பார்க்கவும். ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டாலோ, ஓடும் எஞ்சினில் ஆயில் மூடியைத் திறந்ததும் புகை பீறிட்டு வந்தாலோ, பிஸ்டன் ரிங் வேலையை முடித்த பிறகே டர்போவைப் பற்றி யோசிக்க வேண்டும். ஹெட்டைக் கழற்றி, நேர்கோல் வைத்து, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுச் சமதளம் பார்க்கவும்; போல்ட்டுகளைப் புதிதாகவே போடவும். எங்கள் வண்டியில் பழைய போல்ட்டுகளையே முறுக்கிவிட்டதன் பலனாக, மூன்றாம் நான்காம் சிலிண்டர்களுக்கு நடுவே கேஸ்கட்டில் நகக்கண் அகலத்துக்குக் கருகிய பாதை ஒன்று விழுந்திருந்தது.

டர்போவைத் தேர்ந்தெடுப்பதில் குழம்ப வேண்டியதில்லை. அதே குடும்பத்து எஞ்சினுக்குக் கம்பெனியே டர்போ வைத்திருந்தால் அதையே தேடுங்கள். டாடாவின் 697 எஞ்சினுக்கு 697 டிசி இருந்தது போல. அதன் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் பிஸ்டன்களும் சேர்ந்து கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

பெரும்பாலான டர்போக்கள் கெட்டுப்போவது ஆயிலால்தான். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று வரை சுழலும் தண்டு மெல்லிய ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. ஆகையால் வடிகட்டிய ஆயில் வரும் கேலரியிலிருந்து (எஞ்சினுக்குள் ஆயில் ஓடும் முக்கிய வழி) இணைப்பு எடுக்கவும். திரும்பும் குழாய் பெருவிரல் நுழையும் அளவு அகலமாக, எங்கும் மேலேறாமல், பள்ளம் விழாமல் இறங்கி, எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்பில், ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். அது ஓரிடத்தில் தொங்கினாலும் ஆயில் தேங்கி, சீல் வழியே கசிந்து, சைலன்சரில் நீலப் புகையாக வரும். டர்போ போய்விட்டது என்று நாம் தவறாக அதைக் கழற்றிக்கொண்டிருப்போம். முதல்முறை ஸ்டார்ட் செய்யுமுன், டீசலை நிறுத்திவிட்டு, திரும்பும் குழாயில் ஆயில் வரும் வரை செல்ஃப் அடிக்கவும்.

அடுத்தது வெப்பம். சித்திரை வெயிலில் 38 டிகிரியில் உள்ளே போகும் காற்று, 0.5 பார் அழுத்தத்தில் 90 டிகிரியைத் தாண்டி டர்போவிலிருந்து வெளியே வரும். ஆகவே ரேடியேட்டருக்கு முன்னால், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வைப்பதே முறை. டீசல் பம்பைத் தொடக்கத்தில் தொடவே கூடாது: கூடுதல் காற்றால் புகை குறைவதைப் பார்த்த பிறகு, கலிபரேஷன் பட்டறையில் கொடுத்துச் சிறிதளவு மட்டும் கூட்டவும். பம்பின் திருகைத் தன் கையாலேயே திருப்பும் ஆசைதான் பிஸ்டனை உருக்குவது. டர்பைனுக்கு (டர்போவில் புகைவாயு சுழற்றும் சக்கரம்) முன்னால் வெப்பமானி பதித்து, 700 டிகிரியை நெருங்கினால் டீசலைக் குறைக்கவும். இன்ஜெக்‌ஷன் டைமிங்கை ஓரிரு டிகிரி தாமதமாக்கினால் சிலிண்டர் அழுத்தம் தணியும். ஆனால் புகைவாயுவின் வெப்பம் ஏறும் என்பதால் அந்த வெப்பமானியைப் பார்த்துக்கொண்டேதான் அதைச் செய்ய வேண்டும்.

நம் பகுதிச் செம்மண் புழுதி நுண்ணியது. ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையேயான ஹோஸ் இணைப்பில் ஒரு கிளிப் தளர்ந்தாலும் அந்தப் புழுதி உள்ளே புகுந்து, காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் சக்கரத்தின் இறக்கை ஓரத்தைத் தேய்த்துவிடும். எஞ்சினை நிறுத்திய பிறகு, டர்போவுக்குள் காற்று நுழையும் ஹோஸுக்குள் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள்: நுனியில் சிவப்பு ஒட்டினால் ஃபில்டர் பக்கத்து இணைப்புகளைச் சரிபார்க்கவும். டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் அழுத்தப் பக்கத்து இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் கசிவு குமிழியாகத் தெரியும்.

முதல் 500 கிலோமீட்டர் அரை லோடில் ஓட்டி, கேஸ்கட் தயாரிப்பாளர் கேட்டிருந்தால் ஹெட் போல்ட்டுகளை மறுபடி டார்க் வைத்து (குறித்த அளவுக்கு முறுக்கி), ஆயிலை மாற்றவும். லோடு இழுத்து வந்த வண்டியை நிறுத்துமுன் இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விட வேண்டும் என்பதை டிரைவரின் எதிரே கண்ணாடியில் எழுதி ஒட்டிவிடுங்கள்.