அபுனா யெமாட்டா குஹ்: செங்குத்துப் பாறைக் கோயிலுக்கு ஏறுவது எப்படி?

எத்தியோப்பியாவின் வடக்கே, திக்ராயின் கெரால்டா மலைகளில், ஏறத்தாழ 2,500 மீட்டர் உயரத்தில் மணற்பாறையைக் குடைந்து அமைத்த ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் இது. பழங்காலத்தில் எத்தியோப்பியாவில் கிறிஸ்தவத்தைப் பரப்பிய துறவிகளான ஒன்பது புனிதர்களில் ஒருவரான யெமாட்டா இதைக் குடைந்தார் என்பது ஊர் மரபு. உள்ளிருக்கும் ஓவியங்கள் 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கருதப்படுகின்றன. 'உலகின் ஆபத்தான ஆலயம்' என்று இணையத்தில் இதைப் படம்போட்டுக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கத் தாய்மார் ஏறிவரும் ஊர்க்கோயில் இது; நாமும் அந்த மரியாதையோடுதான் ஏறவேண்டும்.

1. முதலில் நிலவரத்தை விசாரியுங்கள்

திக்ராயில் 2020 முதல் 2022 வரை கடும்போர் நடந்தது. டிக்கெட் எடுக்கும் முன் அண்மைய பாதுகாப்பு அறிவிப்புகளைப் பார்த்துவிடுங்கள். அடிஸ் அபாபாவிலிருந்து திக்ராயின் தலைநகரான மெக்கெலேவுக்கு விமானம். அங்கிருந்து சாலை வழியாக, கோயிலுக்கு அருகிலுள்ள ஊரான ஹவ்சென். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். ஈரப்பாறையில் ஏறும் எண்ணமே வேண்டாம்.

2. வழிகாட்டியோடு நேரம் பேசுங்கள்

உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள். நேரம் பேசும்போது கவனம் தேவை: எத்தியோப்பியர்கள் விடியலிலிருந்து மணியை எண்ணுவார்கள். அவர்களுக்குக் காலை ஒரு மணி என்றால் நமக்கு ஏழு மணி. வெயில் ஏறினால் பாறை கொதிக்கும். ஆகவே விடிந்ததும் கிளம்புவது நல்லது. தோளையும் முழங்காலையும் மறைக்கும், அதே நேரம் கால்களை அகட்டி வைக்க வசதியான உடை போதும்.

3. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள்

அடிவாரத்து நடை எளிதுதான். பாறைச்சுவர் எதிரே வந்ததும் காலணிகளைக் கழற்றிவிட வேண்டும். அது புனித இடம் என்பது ஒரு காரணம். வெறுங்காலுக்குத்தான் பிடிமானம் கிடைக்கும் என்பது இன்னொன்று. தலைமுறை தலைமுறையாக ஏறியவர்களின் கையும் காலும் பட்டுத் தேய்ந்த குழிகள் சுவரில் இருக்கின்றன. கூட வரும் ஊர்க்காரர் உங்கள் பாதத்தைப் பிடித்துச் சரியான குழியில் வைத்துவிடுவார். அவர் சொல்வதை மட்டும் கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கையையோ ஒரு காலையோ மட்டும் நகர்த்துங்கள். மற்ற மூன்றும் பாறையில் ஊன்றியிருக்கட்டும். வயிற்றைப் பாறையோடு ஒட்டிக்கொண்டால் கால் வழுக்கும். இடுப்பைச் சற்றே வெளியே தள்ளி, எடையைக் காலில் இறக்குங்கள்.

கடைசியில் ஒரு குறுகிய விளிம்பு வரும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் இருநூறு மீட்டருக்கு மேல் பள்ளம். பாறைப்பக்கம் கை வைத்தபடி, மூச்சைச் சீராக விட்டு நடங்கள். இங்கே யாரும் விழுந்து இறந்ததில்லை, புனிதர் காப்பார் என்று ஊரார் உறுதியாகச் சொல்கிறார்கள்.

4. உள்ளே நுழைந்த பிறகு

கண் இருட்டுக்குப் பழகும்வரை நில்லுங்கள். கூரையில் குடைந்த குவிமாடங்களில் ஒன்றில் அப்போஸ்தலர்கள், மற்றொன்றில் ஒன்பது புனிதர்களின் கூட்டம். அகன்ற கண்களோடு வட்டமாக உங்களையே பார்ப்பார்கள். ஃபிளாஷ் போடாதீர்கள், சுவரைத் தொடாதீர்கள். திரைக்குப் பின்னால் தாபோட் என்னும் புனிதப் பலகை இருக்கும் கருவறைக்குள் குருமார் மட்டுமே போகலாம். குரு கைச்சிலுவையை நீட்டினால் விசுவாசிகள் முத்தமிடுவார்கள். மற்றவர்கள் தலைதாழ்த்தினால் போதும். எத்தியோப்பிய சபையைப் போலவே கேரளத்து மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையும் ஓரியண்டல் ஆர்த்தடாக்ஸ் என்னும் கிறிஸ்தவ சபைக் குடும்பத்தைச் சேர்ந்தது.

5. இறங்கும்போது

இறங்குவதுதான் கடினம். முகம் பாறையைப் பார்த்திருக்க, ஏணியில் இறங்குவதுபோல இறங்குங்கள். கீழே வந்ததும் உதவியவர்களுக்குப் பணம் கொடுங்கள். தொகையை ஏறும் முன்பே பேசிவிட்டால் மனக்கசப்பு வராது.

பாறைச்சுவரைப் பார்த்ததும் தலை சுற்றினால் தயங்காமல் திரும்பிவிடுங்கள். திக்ராயிலேயே வுக்ரோ செர்கோஸ் என்ற பாறைக்கோயில் இருக்கிறது. அதற்கு மலையேறத் தேவையில்லை.