தொட்டியில் மஷீர்: நிறத்தை நம்பாதீர்கள்

மஷீர் என்ற கெண்டைக் குடும்பத்து மீனின் குஞ்சை நிறம் பார்த்து வாங்காதீர்கள். தண்ணீருக்கும் தீனிக்கும் தக்கபடி அது மாறும்.

முதலில் மீசையை எண்ணுங்கள். இரண்டு ஜோடி இருக்க வேண்டும். சாதாக் கெண்டைக்கும் நான்குதான், ஆனால் அதன் முதுகுத்துடுப்பு பாதி முதுகுக்கு நீளும், மஷீருக்குக் குட்டை. செதில்கள் பெரியவை, பக்கக்கோட்டில் (உடலின் பக்கவாட்டில் தலையிலிருந்து வால்வரை ஓடும் கோடு) 22 முதல் 28 வரைதான் வரும். கண்ணாடியோரம் வரும்போது கீழுதட்டின் அடியைப் பாருங்கள்: பள்ளம் அறுபடாமல் ஓடினால் மஷீரின் டோர் பேரினம், நடுவில் விட்டுப்போனால் அதற்கு நெருங்கிய நியோலிசோகைலஸ் பேரினம்.

இது ஓடும் ஆற்று மீன். வெப்பம் 20–25 டிகிரி போதும். தண்ணீர் சூடானால் ஆக்சிஜன் குறையும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ஃபில்டர் மணிக்கு 8 முறையாவது மொத்தத் தண்ணீரையும் சுற்ற வேண்டும். வாரம் 30% மாற்றுங்கள். மூடி கட்டாயம், துள்ளும்.

10 செ.மீ. குஞ்சுக்கு 5 அடித் தொட்டி தற்காலிகம்தான். சில இனங்கள் ஒரு மீட்டரையும் தாண்டும். குளம் இல்லாதவர்கள் வாங்காமலிருப்பதே நல்லது. வளர்ந்ததை ஆற்றில் விடவே கூடாது. காவிரியின் திமில் மஷீர் அருகிப்போனதற்கு, வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட வேறு மஷீர் பெருகியது முக்கியக் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.