தேரி, கரிசல், பொத்தை: நெல்லைச் சீமைக்கு எந்த ஃபோர் வீல் வேரியண்ட்?

திசையன்விளை தாண்டித் தேரி என்னும் செம்மணல் மேட்டுக்குள் இறங்கும் வண்டியும், குருவிகுளம் பக்கம் கரிசல் காட்டுக்குப் போகும் வண்டியும் ஒரே மாடலாக இருக்கலாம். ஆனால் இரண்டுக்கும் ஒரே வேரியண்ட் (மாடலுக்குள் வசதிக்கேற்ப வரும் தனித்தனி வகை) சரிப்பட்டு வராது. ஷோரூமில் வேரியண்ட் அட்டையை நீட்டினால் கண் முதலில் டச் ஸ்கிரீனுக்கும் சீட் துணிக்கும்தான் போகும். மண்ணில் கைகொடுக்கும் சங்கதிகள் அட்டையின் அடியில், நாலைந்து வரியில் முடிந்துவிடும்: எத்தனை சக்கரத்துக்கு இழுவை, லோ கியர் (மெதுவாக, அதிக இழுவையோடு ஊர உதவுவது) உண்டா, டிஃபரன்ஷியல் லாக் (ஒரே ஆக்ஸிலின் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துச் சுற்றவைக்கும் பூட்டு) எந்த வகை, டயர் அளவு என்ன, பின்பக்கம் இழுவைக் கொக்கி இருக்கிறதா. அதனால் அட்டையைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள்.

அதற்கு முன்னால், ஒரு வருடத்தில் வண்டி போகப்போகும் இடங்களை எழுதிப் பாருங்கள். எந்த மண், எந்த மாதம், எத்தனை பேர், எவ்வளவு சுமை. நாங்குநேரி, வள்ளியூர் பக்கம் விளை என்கிற தோப்புக்கும் தோட்டத்துக்கும் கோடையில் மட்டும் போய்வருகிறவருக்கு, இறுகிய செம்மண் பாதைதான் என்றால், ஃபோர் வீலே, அதாவது நாலு சக்கர இழுவையே, தேவையில்லை. பின்சக்கர இழுவையும் நல்ல டயரும் போதும். மஹிந்திரா பொலிரோ நியோவின் என்10 ஆப்ஷன் வேரியண்ட் இந்த ரகம்: இழுவை பின்சக்கரத்துக்கு மட்டும்தான், ஆனால் மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியல் உண்டு. ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கிச் சுற்ற ஆரம்பித்ததும் அதுவே பூட்டிக்கொண்டு, மறு சக்கரத்துக்கும் பலத்தை அனுப்பும். வாய்க்கால் கரையில் ஒரு பக்கம் சரிந்து நிற்கும் வண்டிக்கு இது பெரிய உதவி. ஐப்பசி, கார்த்திகையிலும் அதே பாதையில் போயாக வேண்டும் என்றால் கணக்கு மாறிவிடும்.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

மஹிந்திரா தார் என்றாலே ஃபோர் வீல் என்று நினைத்து வாங்கியவர்கள் உண்டு. 2023 ஜனவரியில் பின்சக்கர இழுவைத் தார் வந்தது. 1.5 லிட்டர் டீசல் மேனுவலும், 2.0 லிட்டர் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கும் அந்த வகை. வெளியே நின்று பார்த்தால் சட்டென்று வித்தியாசம் தெரியாது. உள்ளே உட்கார்ந்து கியர் கம்பிக்குப் பக்கத்தைப் பாருங்கள்: ஃபோர் வீல் தாரில் சின்னதாக இன்னொரு கம்பி இருக்கும், அதன் தலையில் டூ ஹெச் (பின்சக்கர இழுவை), ஃபோர் ஹெச் (நாலு சக்கர இழுவை), நியூட்ரல், ஃபோர் எல் (லோ கியரில் நாலு சக்கர இழுவை) என்று பொறித்திருக்கும். பின்சக்கர வண்டியில் அந்தக் கம்பி கிடையாது. 2024 ஆகஸ்டில் வந்த ஐந்து கதவுத் தார் ராக்ஸிலும் ஃபோர் வீல் டீசலுக்கு மட்டும்தான், அதுவும் குறிப்பிட்ட சில வேரியண்டுகளில்தான்.

மாருதி ஜிம்னியில் இந்தக் குழப்பமே இல்லை. ஜீட்டா, ஆல்ஃபா இரண்டிலும் லோ கியரோடு ஃபோர் வீல் உண்டு, அடியில் இருக்கும் சாமான் ஒன்றேதான். ஆல்ஃபாவுக்கு அதிகம் கொடுக்கும் பணம் பெரிய ஸ்கிரீன், எல்.இ.டி. விளக்கு, அலாய் வீல், க்ரூஸ் கண்ட்ரோல் இவற்றுக்குப் போகிறது. ஜீட்டாவின் இரும்பு வீல் கல்லில் மோதி நெளிந்தால் டயர் கடையிலேயே தட்டி நிமிர்த்திவிடலாம். அலாய் விரிசல் விட்டால் மாற்றத்தான் வேண்டும். இரவில் மலைப்பாதை, காட்டுப்பாதையில் நிறைய ஓட்டுகிறவருக்கு மட்டும் ஆல்ஃபாவின் விளக்குக்காக அந்தப் பணத்தைக் கொடுக்கலாம். மற்றவர்கள் ஜீட்டாவை எடுத்து, மிச்சத்தை நல்ல டயரிலும் காற்று அடிக்கும் கம்ப்ரஸரிலும் போடுவது நல்லது.

பின்சக்கர வண்டியை வாங்கிவிட்டு அப்புறம் ஃபோர் வீலாக மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முன் ஆக்ஸில், பலத்தை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் புரொபெல்லர் ஷாஃப்ட் எல்லாம் சேர்க்க வேண்டும். செலவு ஒருபக்கம் இருக்க, மோட்டார் வாகனச் சட்டத்தின் வண்டியின் அமைப்பை மாற்றுவது பற்றிய 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும், வாரண்டியும் போய்விடும். டச் ஸ்கிரீனை எப்போது வேண்டுமானாலும் போடலாம். இழுவையை வாங்கும் நாளிலேயே வாங்கிவிட வேண்டும்.

தேரி மணல்

திசையன்விளை, குட்டம், நவ்வலடி பக்கத்துச் சிவப்பு மணல் மாவு போல நுணுக்கம். ஆடிக்காற்றில் இடம் மாறி, நேற்றுப் போன தடத்தை இன்று மூடியிருக்கும். பனைக்கும் கொல்லாமரத்துக்கும் நடுவே வண்டி ஒருமுறை நின்றுவிட்டால், மறுபடி கிளப்பும்போதுதான் சக்கரம் தன் குழியைத் தானே தோண்டும்.

இங்கே டயரின் பக்கச்சுவர் உயரம்தான் பாதி வேலையைச் செய்கிறது. 2020-இல் வந்த தாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ.எக்ஸ். வேரியண்டுக்கு 245/75 ஆர் 16, எல்.எக்ஸ். வேரியண்டுக்கு 255/65 ஆர் 18. முதல் எண்ணை இரண்டாம் எண்ணின் சதவீதத்தால் பெருக்கினால் பக்கச்சுவர் வரும்: 16 அங்குல வீலுக்கு 184 மில்லிமீட்டர், 18 அங்குலத்துக்கு 166. பதினெட்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். காற்றை இறக்கிய பிறகு நசுங்கிப் படிய டயருக்கு இருக்கும் இடம் அதுதான். அதனால் தேரிக்காரருக்கு விலை குறைந்த வேரியண்டின் 16 அங்குல இரும்பு வீல்தான் பொருத்தம். காற்று குறைவாக இருக்கும்போது வேர்க்கட்டையில் இடித்தாலும் ரிம் வரை அடி எளிதில் எட்டாது.

இறங்கும் முறையையும் சொல்லிவிடுகிறோம், வேரியண்டைத் தீர்மானிக்க அது உதவும். கெட்டித் தரையிலேயே வண்டியை நிறுத்தி, நாலு டயரையும் 16 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை இறக்குங்கள். டயரின் அடிப்பக்கம் நீளவாக்கில் படிந்து, பக்கம் லேசாகப் புடைத்து நிற்கும். 12-க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடக்கூடும். ஃபோர் ஹெச் போட்டு, டிராக்‌ஷன் கண்ட்ரோலை அணைத்துவிடுங்கள். சக்கரம் கொஞ்சம் சுற்றியதுமே அது இன்ஜின் பலத்தைக் குறைத்துவிடும், மணலில் அங்கேயே வண்டி நின்றுவிடும். சில வேரியண்டுகளில் இதை அணைக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது, முழுதாக அணைகிறதா என்பதை ஷோரூமிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் கியரில் ஒரே சீராகப் போங்கள். சக்கரம் புதையத் தொடங்கினால் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். நிறுத்துவதென்றால் இறக்கத்தைப் பார்த்து நிறுத்துங்கள்.

ஜிம்னியின் எடை 1,200 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். மணலில் அது பெரிய வரம். ஆனால் டார்க் (இன்ஜினின் முறுக்கு விசை) 134 நியூட்டன் மீட்டர்தான், ஏற்றமான மணல்மேட்டில் இன்ஜினை ஓங்கிச் சுற்றவிட வேண்டும். தார் 2.2 டீசல் மேனுவலுக்கு 300 நியூட்டன் மீட்டர் இருக்கிறது, கனமும் கூட. ஆள் குறைவு, சுமை குறைவு என்றால் ஜிம்னி, பனங்கருப்பட்டிச் சிப்பத்தோடு போக வேண்டும் என்றால் தார் டீசல்.

கம்ப்ரஸரைச் சிகரெட் லைட்டர் துளையில் சொருகும் வகையாக வாங்காதீர்கள். பெரிய டயர் நாலுக்கு அடிப்பதற்குள் ஃபியூஸ் போய்விடலாம். பேட்டரியில் நேரடியாகக் கவ்வும் வகைதான் நிற்கும். தார் ரோடு ஏறும் முன் காற்றை அடித்தே ஆக வேண்டும். இறங்கிய டயரோடு வேகமாக ஓட்டினால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும்.

கரிசல்

மழை பெய்த கரிசலில் ஃபோர் வீல் வைத்திருப்பவரும் மாட்டிக்கொள்வார். ஈரக் களிமண் டயர்ப் பூவுக்குள் (மேல் வெட்டுகளுக்குள்) ஏறி அடைத்து, நாலு சுற்றில் டயரை வழவழவென்று உருளைபோல் ஆக்கிவிடும். அதன்பின் நாலு சக்கரமும் சேர்ந்து வழுக்கும். கம்பெனி கொடுக்கும் ஹைவே டயரோ, ஆல் டெரெய்ன் டயரோ இதற்குப் போதாது. பூ அகலமாக விட்ட மட் டெரெய்ன் டயர்தான் சுற்றும் வேகத்தில் மண்ணை உதறும். அது தார் ரோட்டில் இரையும், மழையில் பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும். ஆகவே வருடத்தில் ரெண்டு மாதக் கரிசலுக்காகப் பத்து மாதம் அந்த டயரில் ஓட்டுவது சரியில்லை. அந்த ரெண்டு மாதமும் டிராக்டரில் போய்விடுங்கள்.

கரிசலில் இன்னொரு வினை டிராக்டர் தடம். டிராக்டரின் பெரிய சக்கரம் இரண்டு பக்கமும் ஆழமாக அறுத்து, நடுவில் மேட்டை விட்டுவைக்கும். காய்ந்தால் அந்த மேடு கல்லாகிவிடும். உங்கள் சக்கரம் தடத்தில் இறங்கினால் டிஃபரன்ஷியல் ஹவுசிங் (ஆக்ஸில் நடுவிலுள்ள பல்சக்கரக் கூடு) மேட்டில் உட்காரும், சக்கரங்கள் அந்தரத்தில் சுற்றும். வண்டி பார்க்கப் போகும் முன் உங்கள் பாதையை அளந்துவிடுங்கள். தடத்தின் குறுக்கே, நடு மேட்டின் மேல் படுமாறு ஒரு கம்பை நேராக வைத்து, கம்பிலிருந்து தடத்தின் அடிவரை டேப் பிடியுங்கள். தாரின் தரை இடைவெளி 226 மில்லிமீட்டர், ஜிம்னி 210, ஃபோர்ஸ் கம்பெனியின் கூர்க்கா 233. இவை காலி வண்டியின் கணக்கு, ஆளும் மூட்டையும் ஏறினால் குறையும். உங்கள் அளவு 18 சென்டிமீட்டரைத் தாண்டினால் எந்த வேரியண்டும் காப்பாற்றாது. ஒரு சக்கரத்தை நடு மேட்டிலும் மறு சக்கரத்தை ஓரத்திலும் ஏற்றித்தான் ஓட்ட வேண்டும்.

பொத்தை, மலை

பொத்தை என்கிற சிறு பாறைக்குன்றிலும் மலையிலும் உள்ள பாறைப் பாதையில் லோ கியரும் டிஃபரன்ஷியல் லாக்கும் இருக்கும் வேரியண்டுக்கே முதலிடம். பிரேக் வழியாக வேலை செய்யும் லாக், சுற்றும் சக்கரத்தைப் பிரேக்கால் பிடித்து மறு சக்கரத்துக்குப் பலம் அனுப்பும். அது எப்போதாவது ஒரு பள்ளத்துக்குப் போதும். தொடர்ந்து ஏறினால் பிரேக் சூடாகி, உதவி குறைந்துகொண்டே வரும். கூர்க்காவில் முன்னும் பின்னும் தனித்தனியாகக் கையால் போடும் லாக் எல்லா வண்டியிலும் வருகிறது, வேரியண்ட் தேட வேண்டியதில்லை. ஒரு மாடலுக்குள்ளேயே வருடத்துக்கு வருடம் இந்த லாக்கை ஒரு வேரியண்டிலிருந்து எடுத்து இன்னொன்றில் வைப்பார்கள். அதனால் பழைய வீடியோவைப் பார்த்து முடிவு செய்யாமல், வாங்கும் முன் தரும் விலைச்சீட்டான புரோஃபார்மா இன்வாய்ஸிலேயே எழுதி வாங்குங்கள்.

மாஞ்சோலைப் பாதை களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. வனத்துறை அனுமதியோடு, அனுமதித்த பாதையில் மட்டும்தான் போக முடியும். காட்டுக்குள் தடம் விட்டு இறங்குவதற்காக எந்த வண்டியையும் வாங்க வேண்டாம்.

தண்ணீர்

தார் 650 மில்லிமீட்டர், கூர்க்கா 700 என்று கம்பெனி சொல்வது தேங்கி நிற்கும் தண்ணீருக்கு. தரைப்பாலத்தின் மேல் ஓடும் வெள்ளத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது தாமிரபரணிக் கரை முழுக்க என்ன ஆனது என்பது நமக்குத் தெரியும். ஓடும் தண்ணீர் முழங்காலைத் தாண்டினால் எந்த ஃபோர் வீலையும் இறக்காதீர்கள்.

தேங்கிய தண்ணீரைக் கடந்த மறுநாள் டிஃபரன்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் விட்ட தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, உடனே மாற்ற வேண்டும். சூடான ஹவுசிங் குளிர்ந்த நீரில் முங்கும்போது உள்காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதால் வருவது இது. இன்சூரன்ஸ் போடும்போது தண்ணீர் புகுந்து இன்ஜின் கெட்டால் ஈடு தரும் இன்ஜின் ப்ரொடெக்ட் சேர்க்கையையும் கேட்டுப் போடுங்கள்.

உடம்பும் கதவும்

வாழைத்தோட்டப் பாதையிலும் அக்ரகாரத் தெருவிலும் அகலம்தான் கணக்கு. ஜிம்னி 1,645 மில்லிமீட்டர், தார் 1,820, ராக்ஸ் 1,870. பாதையின் மிகக் குறுகிய இடத்தை அளந்து, இருபக்கமும் ஒரு சாண் விட்டுப் பாருங்கள். கண்ணாடி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்று கதவுத் தாரில் பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடக்கி ஏற வேண்டும். சேலை கட்டிய அம்மாவோ முட்டுவலி உள்ள தாத்தாவோ வாராவாரம் வருவார்கள் என்றால், டெஸ்ட் டிரைவுக்கு அவர்களையும் கூட்டிப்போங்கள். அங்கேயே முடிவு தெரிந்துவிடும்.

துணிக்கூரை வேண்டாம். பணகுடி, காவல்கிணறு பக்கம் ஆனி, ஆடிக் காற்றில் அது படபடத்துக்கொண்டே இருக்கும், தேரித் தூசியும் உள்ளே இறங்கும். உவரி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்க்காரர்கள் டெலிவரிக்கு முன்பே அடிப்பாகத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சு அடித்து வாங்குங்கள். கடற்கரை மணலில் போய்வந்த அன்றே அடியில் நல்ல தண்ணீர் பீய்ச்ச வேண்டும்.

டெலிவரி அன்று

யார்டில் மண் தரை இருக்கும் இடத்துக்கு வண்டியை எடுத்துப் போகச் சொல்லுங்கள். நிறுத்தி, கிளட்சை மிதித்து, கியரை நியூட்ரலில் வைத்து ஃபோர் எல் போடுங்கள். டேஷ்போர்டில் விளக்கு எரிய வேண்டும், முதல் கியரில் கிளட்சை விட்டதும் நடை வேகத்துக்கும் குறைவாக ஊர வேண்டும். சிமெண்ட் தரையிலும் தார் ரோட்டிலும் இதைச் செய்யாதீர்கள். இந்த வண்டிகளில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது, திருப்பத்தில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு தூரம் ஓட முடியாமல் ஷாஃப்ட் முறுக்கேறும். அதே காரணத்தால் ஸ்டெப்னியும் மற்ற நாலு டயரின் அளவிலேயே இருக்க வேண்டும். அளவை டயரின் பக்கத்தில் படித்துப் பார்த்து, முன்னும் பின்னும் இழுவைக் கொக்கி இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.