பித்தவெடிப்புக்கு வீட்டிலேயே ஒரு சர்க்கரை ஸ்க்ரப்

குதிகாலைத் துவைக்கிற கல்லில் பரபரவென்று தேய்க்கிற பழக்கம் இருந்தால், தயவுசெய்து இன்றோடு விட்டுவிடுங்கள். உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது. அதனால் குதிகால் தோல் சீக்கிரம் காய்ந்து தடித்துப்போகிறது, நாம் நிற்கும்போது உடம்பின் எடை முழுக்க அதை அழுத்த, விரிந்துகொடுக்க முடியாமல் பிளந்துவிடுகிறது. அதைச் சுரண்டச் சுரண்ட, தன்னைக் காத்துக்கொள்ளத் தோல் இன்னும் தடிக்கத்தான் செய்யும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. சர்க்கரை நோய் இருந்தாலோ, கால் மரத்துப்போனாலோ, வெடிப்பில் ரத்தமோ சீழோ வந்தாலோ இந்த ஸ்க்ரப்பைச் செய்யாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். உணர்ச்சி குறைந்த காலில் தண்ணீரின் சூடும் தெரியாது, சின்னக் காயமும் தெரியாது.

இனி செய்முறை. சர்க்கரை 2 மேசைக்கரண்டி (மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விட்டு எடுங்கள், பெரிய பரலாக இருந்தால் குத்தும்), பச்சரிசி மாவு 1 மேசைக்கரண்டி, தேங்காய் எண்ணெய் 1 மேசைக்கரண்டி. ஈர மணல் பதத்துக்குக் குழைத்தால் போதும், உதிர்ந்தால் இன்னும் கொஞ்சம் எண்ணெய். நான் உப்பைவிட சர்க்கரையைத்தான் சொல்வேன், ஏனென்றால் தேய்க்கத் தேய்க்க அது ஈரத்தில் கரைந்துவிடும், அளவுக்கு மீறித் தேய்ப்பது கடினம், அதோடு வெடிப்பில் பட்டால் உப்பு மாதிரி எரியவும் எரியாது. எலுமிச்சம்பழச் சாறும் சோடா உப்பும் நிறையப் பேர் சொல்வார்கள். பிளந்த தோலுக்கு இரண்டுமே வேண்டாம்.

வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடம் காலை வைத்திருங்கள். கொதிக்கிற தண்ணீர் இருக்கிற ஈரப்பசையையும் எடுத்துவிடும். அப்புறம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு (எண்ணெய்க் காலோடு பாத்ரூமில் நிற்கவே கூடாது, வழுக்கும்) விரல் நுனியால் வட்டமாக, ஒரு காலுக்கு ஒன்றிரண்டு நிமிடம் மட்டும் தேய்த்துக் கழுவுங்கள். ஆழமான பிளவுக்குள் திணிக்காதீர்கள், சுற்றியுள்ள தடித்த ஓரத்தை மட்டும் தேய்த்தால் போதும். தொங்குகிற தோலைப் பிய்ப்பதோ பிளேடால் சீவுவதோ கூடவே கூடாது.

உண்மையான வேலை இதற்குப் பிறகுதான் இருக்கிறது. துண்டால் ஒற்றி எடுத்து, தோல் லேசாக ஈரமாக இருக்கும்போதே வாஸ்லைனைத் தாராளமாகப் பூசுங்கள். இல்லையென்றால் விளக்கெண்ணெய், பிசுபிசுப்பாக இருந்தாலும் நன்றாக ஒட்டி நிற்கும். மேலே பருத்தி சாக்ஸ் போட்டுக்கொண்டு தூங்கிவிடுங்கள். ஸ்க்ரப் வாரத்துக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை. வாஸ்லைன் மட்டும் தினமும் ராத்திரி, இதை விட்டுவிட்டு ஸ்க்ரப்பை மட்டும் செய்தால் பலன் தங்காது.

பகலில் பின்பக்கம் திறந்த செருப்பை முடிந்தவரை குறைத்து, குதிகாலை மூடுகிற காலணி போடுங்கள், வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு கடினத் தரையில் ரொம்ப நேரம் நிற்க வேண்டாம். சில வாரம் ஒழுங்காகச் செய்தும் குறையவில்லையா, மருந்துக்கடையில் யூரியா கலந்த கால் க்ரீம் கேட்டு வாங்கிப் பூசலாம். கூடவே அரிப்பும் விரல் இடுக்கில் வெள்ளையாகத் தோல் உரிவதும் இருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், அதற்கு எந்த ஸ்க்ரப்பும் உதவாது, தோல் டாக்டரைப் பாருங்கள்.