கேன்டிலீவர் பிரேக் பிடிக்கவில்லையா? முதலில் லீவரைப் பாருங்கள்

ஞாயிறு காலையில் ஈசிஆர் பக்கம் போனால் 80, 90-களின் மவுன்டன் பைக்குகளைத் தூசி தட்டி ஓட்டிவரும் இளைஞர்கள் இப்போது கண்ணில் படுகிறார்கள். டீக்கடையில் வண்டியை நிறுத்தியதும் எல்லோரும் பாடும் பாட்டு ஒன்றுதான்: "பிரேக் பார்க்க அழகா இருக்கு, ஆனா பிடிக்க மாட்டேங்குது." 1996 வாக்கில் ஷிமானோவின் வி-பிரேக் வரும்வரை மலைப்பாதைகளில் இறங்கிய வண்டிகளில் பெரும்பாலானவை இந்த கேன்டிலீவரை நம்பித்தான் இறங்கின. சக்கரத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குட்டைக் கை, இரண்டையும் இணைக்கும் ஒரு குறுக்கு ஒயர்; அதை மேலே இழுத்தால் கைகளில் உள்ள ரப்பர் கட்டைகள் ரிம்மைப் பிடிக்கும். அதுதான் கேன்டிலீவர். பிடிக்காத பிரேக்கை வைத்துக்கொண்டு அவ்வளவு பேர் இறங்கியிருக்க முடியாது. மாட்டும் விதத்தில்தான் கோளாறு.

கட்டை டயரில் உரசக் கூடாது, ரிம்மில் ஆயில் படக் கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

வி-பிரேக் லீவரை மாட்டுவது

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் அடங்காத தவறு இது. அண்மையில் ஒரு தம்பி தன் வண்டியைக் கொண்டுவந்தார். க்ரோமோலி எஃகு ஃபிரேம், 90-களின் தொடக்கத்து ஷிமானோ டியோர் எக்ஸ்டி கேன்டிலீவர்கள், பளபளப்புகூடப் போகவில்லை. ஹேண்டில்பாரில் மட்டும் புத்தம்புதுக் கறுப்பு லீவர்கள். பழையதில் கீறல் விழுந்திருந்ததால் ஒரு கடையில் மாற்றிக் கொடுத்தார்களாம். "அழுத்திப் பாருங்கண்ணா, கல்லு மாதிரி இருக்கு" என்றார் பெருமையாக.

அழுத்திப் பார்த்தேன். கல் மாதிரிதான் இருந்தது. கோளாறே அதுதான்.

வி-பிரேக்குக்கான லீவர், பழைய கேன்டிலீவர் லீவரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளத்துக்கு ஒயரை இழுக்கும். அதே விகிதத்தில் இழுக்கும் விசை பாதியாகிவிடும். வி-பிரேக்கின் கைகள் நீளமானவை என்பதால் அங்கே அது சரிக்கட்டிவிடும். கேன்டிலீவரின் கை குட்டை. கட்டை உடனே ரிம்மைத் தொடுகிறது, லீவர் அதற்கு மேல் நகர மறுக்கிறது, உங்கள் விரலுக்கு "கெட்டியாகப் பிடித்துவிட்டது" என்று தோன்றுகிறது. ரிம்மின் மேலோ பாதி அழுத்தம்தான் விழுகிறது. நன்றாகப் பிடிக்கிற கேன்டிலீவரின் லீவர் கொஞ்சம் மெத்தென்றுதான் இருக்கும். அழுத்த அழுத்த இன்னும் கொஞ்சம் உள்ளே வரும். அந்த மென்மையைப் பார்த்துப் பயந்துதான் பலர் நல்ல பிரேக்கைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

சென்னையின் தட்டைச் சாலையில் இந்தக் குறை வெளியே தெரியாது. தி.நகர் சிக்னலில் ஊர்ந்து போகிற வேகத்துக்கு எந்த பிரேக்கும் நிற்கும். அந்தத் தம்பிக்குத் தெரிந்தது ஏலகிரியில். மேலே ஏறும்வரை ஒரு தொல்லையும் இல்லை. இறங்கும்போது 14 கொண்டை ஊசி வளைவுகளில் மேலிருந்து சில வளைவுகள் தாண்டுவதற்குள், நான்கு விரல்களாலும் நெரித்தும் வண்டி வெளிப்பக்கத் தடுப்புச் சுவரை நோக்கிப் போயிருக்கிறது. காலைத் தேய்த்து நிறுத்திவிட்டு, மீதி வழியெல்லாம் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். ஷூவின் அடிப்பாகத்தைக் காட்டினார். குதிகாலில் ரப்பர் பாதி இல்லை.

"பழைய லீவர் எங்கே தம்பி?" என்றேன். "கடையிலேயே விட்டுட்டேன்ணா." போய் விசாரித்தால் அது காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. கீறல் விழுந்ததைத் தவிர அதற்கு ஒரு குறையும் இல்லை! அதே காலத்து லீவர் ஜோடியை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டுமானால் விலை, அனுப்பும் செலவு, சுங்கம் என்று ஒவ்வொன்றாகக் கழுத்தை நெரிக்கும். இந்த இடத்தில் பாதிப் பேர் பிரேக்கின் மேல் பழியைப் போட்டு, கேன்டிலீவரை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டு வி-பிரேக் வாங்கிவிடுகிறார்கள். இன்னும் சிலர் தலைகீழாகச் செய்வார்கள்: பழைய லீவரை வைத்துக்கொண்டு கீழே மட்டும் வி-பிரேக். அதில் லீவர் ஹேண்டில்பாரைத் தொடும் அளவுக்கு உள்ளே வரும். முன்பிரேக்கைக் கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் ஆளைத் தூக்கி அடிக்கும்.

வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். லீவர் சுழலும் ஆணிக்கும் ஒயரின் குண்டு உட்காரும் குழிக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பாருங்கள். அது அதிகமாக இருந்தால் வி-பிரேக் லீவர். பழைய ஜோடி கிடைக்காவிட்டால், காலிபர் பிரேக் வண்டிகளுக்கு வரும் அலாய் லீவரே போதும். ரத்தன் பஜாரில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அழகு கொஞ்சம் குறையும், வண்டி நிற்கும்.

குறுக்கு ஒயரைத் தூக்கிக் கட்டுவது

இரண்டு பிரேக் கைகளையும் இணைக்கும் குறுக்கு ஒயரை நடுவில் ஒரு முக்கோணக் கொக்கி தூக்கிப் பிடித்திருக்கும். அதை ஹேண்டில்பார் பக்கமாக மேலே ஏற்றிக் கட்டியிருப்பதைத்தான் நிறைய வண்டிகளில் பார்க்கிறேன். லீவர் கெட்டியாகும், மேலே சொன்ன அதே ஏமாற்றுதான். கொக்கி கீழே இறங்க இறங்கக் குறுக்கு ஒயர் படுக்கையாகும், அதே இழுப்புக்குக் கட்டையின் அழுத்தம் கூடும். கைகள் ஃபோர்க்கை ஒட்டி நிமிர்ந்து நிற்கும் மாடல்களில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். பழைய பிரெஞ்சு பிராண்டான மஃபாக் போலக் கைகள் இரண்டு பக்கமும் விரிந்து நிற்பவற்றில் அவ்வளவு தெரியாது.

இதற்கு ஒரு விலை உண்டு. கட்டை நகரும் தூரம் குறைந்துவிடுவதால் அதை ரிம்முக்கு மிக அருகில் வைக்க வேண்டும். ரிம்மில் கோட்டம் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் உரசும். மெட்ரோவுக்காகத் தோண்டிய ஆற்காடு சாலையில் தினமும் போய்வருகிறவர் என்றால் முதலில் சக்கரத்தைக் கோட்டம் எடுத்துவிட்டு வாருங்கள். அப்புறம் கொக்கியை இறக்கலாம்.

முன்சக்கரத்து ரிஃப்ளெக்டர் கம்பியைக் கழற்றுவது

அசிங்கமாக இருக்கிறது என்று முதல் வேலையாக இதைத்தான் கழற்றி எறிகிறார்கள். மேலிருந்து வரும் ஒயர் அறுந்தால் குறுக்கு ஒயர் அப்படியே டயர் மேல் விழும். பட்டன் டயர் அதைக் கவ்வி இழுத்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். உங்கள் முகம் தார்ச்சாலையில். அந்தக் கம்பி விழும் ஒயரைத் தாங்கிப் பிடிக்கும். கம்பிக்குப் பதில் மட்கார்ட் இருந்தாலும் போதும், அதுவும் தாங்கிக்கொள்ளும். ஷிமானோ பிற்காலத்தில் கொண்டுவந்த இணைப்பு ஒயரில், மேலிருந்து வரும் ஒயரே ஒரு பக்கத்துக் கைவரை நேராகப் போகிறது. அது அறுந்தால் குறுக்கே தொங்குவதற்கு ஒன்றும் இருக்காது.

கியர் அவுட்டரை (கியர் ஒயரின் வெளியுறையை) பிரேக்குக்குப் போடுவது

போடாதீர்கள். உள்ளே கம்பிகள் நீளவாக்கில் ஓடுகின்றன. பிரேக்கின் இழுப்புக்கு வெடித்துப் பிரிந்துவிடும்.

"ஒரிஜினல் கட்டை சார், மாற்ற மாட்டேன்"

முப்பது வருடத்து ரப்பர் நகத்தால் அழுத்தினால் துளியும் அமுங்காது. ஒரிஜினலைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள், வண்டியில் புதிதைப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டுகிறவர்களுக்குக் கூல் ஸ்டாப் நிறுவனத்தின் சால்மன் நிறக் கட்டை நல்ல தேர்வு. ரிம் குரோமியம் பூசிய இரும்பாக இருந்தால் மழையில் எந்தக் கட்டையிடமும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

மணல் படிந்த சாலையில் ஓட்டிய பிறகு கட்டையின் முகத்தைத் திருப்பிப் பாருங்கள். மினுமினுவென்று புள்ளிகள் தெரியும். ரிம்மிலிருந்து உரிந்த அலுமினியத் துகள் அது. ஊக்கு முனையால் நெம்பினால் வந்துவிடும். விட்டால் அந்தத் துகளே ரிம்மை அறுக்கும்.

கீச்சுச் சத்தம்

கட்டையின் பின்முனைக்கும் ரிம்முக்கும் நடுவே பஸ் டிக்கெட்டை மடித்து வைத்து, முன்முனை முதலில் தொடும்படி முடுக்குங்கள். நட்டை இறுக்கும்போது கட்டை கூடவே சுழலும். இன்னொரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிரேக் கையின் போல்ட்டை மூச்சைப் பிடித்து முடுக்குவது

கை உட்காரும் குழாய் விரிந்துவிடும். அப்புறம் கையைக் கழற்றவே முடியாது. அளவாக முடுக்குங்கள். மாட்டும் முன் அந்தக் குழாயில் மெல்லிசாகக் கிரீஸ் தடவுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர்க்காரர்கள் மழைக்காலம் முடிந்ததும் இன்னொரு முறை கழற்றித் தடவிவிடுங்கள், உப்புக்காற்று சும்மா விடாது.