லஃபீத் ரோத்ஷில்ட் பெட்டி ஒன்றை முதலீடாக வாங்குவது எப்படி?

பிரான்ஸின் போர்தோ பகுதியில், போயாக் என்ற ஊரில் இருக்கிறது ஷாத்தோ லஃபீத் ரோத்ஷில்ட் என்ற ஒயின் தோட்டம். போர்தோ ஒயின்களைத் தரம்பிரித்த 1855 வகைப்பாட்டில் முதல் தரம் பெற்றது. 1868இல் வங்கியாளர் ஜேம்ஸ் தெ ரோத்ஷில்ட் ஏலத்தில் எடுத்தார்; இன்றுவரை குடும்பச் சொத்து. சுமார் 110 ஹெக்டேர் திராட்சை. விலை ஏறுகிறது என்பதற்காக ஓர் ஆண்டு விளைச்சலின் ஒயினை மறுபடி தயாரிக்க முடியாது. குடிக்கக் குடிக்கக் கையிருப்பு குறையும். முதலீட்டாளர்களை இழுப்பது இதுதான். ஆனால் பெயருக்கு மட்டும் விலை கிடைக்காது. புட்டி எங்கெல்லாம் இருந்து வந்தது என்பதற்கான தாள்களுக்கும் சேர்த்துத்தான் விலை.

படி 1: லேபிளை முழுதாகப் படியுங்கள்

தொடக்கநிலையாளர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. கருவாத் தெ லஃபீத் என்பது இதே தோட்டத்தின் இரண்டாம் ஒயின், அதாவது முதன்மை ஒயினுக்கு அடுத்த நிலையில் உள்ளது. துஆர் மிலோன் பக்கத்துத் தோட்டம், உரிமையாளர் ஒன்றே. 'பாரோன் தெ ரோத்ஷில்ட் லஃபீத்' என்று மட்டும் போட்ட மலிவான புட்டிகளும் உண்டு; அவை அன்றாடம் குடிப்பதற்கானவை. முதலீட்டுக்கு 'ஷாத்தோ லஃபீத் ரோத்ஷில்ட்' என்ற பெயரே இருக்க வேண்டும்.

படி 2: விளைச்சல் ஆண்டைத் தேர்ந்தெடுங்கள்

1982, 1986, 1996, 2000, 2009, 2010, 2016 ஆகியவை பெயர் பெற்ற ஆண்டுகள். நல்ல ஆண்டு என்பதாலேயே லாபம் வந்துவிடாது. ஹாங்காங் 2008இல் ஒயின் வரியை நீக்கியதும் சீனப் பணம் லஃபீத்தைத் தேடி வந்தது. 2008 விளைச்சல் புட்டியில் சீனர்கள் அதிர்ஷ்டமாகக் கருதும் எட்டு எண் சீன எழுத்தில் பொறிக்கப்படும் என்று 2010இல் அறிவித்ததும் விலை எகிறியது. 2011 நடுவிலிருந்து சரிவு. உச்சத்தில் வெளியான 2010 விளைச்சலை வாங்கியவர்கள் பல ஆண்டுகள் நட்டத்தில் இருந்தார்கள், ஒயின் அருமையாக இருந்தும். எனவே வாங்குமுன் அதே ஒயினின் முந்தைய பத்து விளைச்சல்களின் இன்றைய விலையைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். லண்டனின் லிவ்-எக்ஸ் என்ற ஒயின் வணிகச் சந்தையின் தரவு இதற்கு உதவும்.

படி 3: பீப்பாயிலா, புட்டியிலா?

'ஆன் ப்ரிமெர்' முறையில், அறுவடைக்கு அடுத்த வசந்தத்தில், ஒயின் பீப்பாயில் இருக்கும்போதே பணம் கட்டுவீர்கள். சரக்கு வர இரண்டு ஆண்டுக்குமேல் ஆகும். விற்கும் வணிகர் நொடித்துப்போனால் உங்கள் பணம் சிக்கும். 2023 விளைச்சலை லஃபீத் முந்தையதைவிடச் சுமார் 30 விழுக்காடு குறைத்து வெளியிட்டது. அப்படிப்பட்ட தள்ளுபடி இல்லாவிட்டால் காத்திருப்பதற்குப் பொருளில்லை. முதல் பெட்டி வாங்குபவருக்குப் புட்டியில் அடைத்த, ஏற்கெனவே கிடங்கில் இருக்கும் சரக்கே எங்கள் பரிந்துரை.

படி 4: பூர்வீகத்தைச் சோதியுங்கள்

விற்பவரிடம் கேட்க வேண்டியவை: முதல் கொள்முதல் ரசீது, கிடங்கு மாறிய தேதிகள், திறக்காத மூல மரப்பெட்டியின் படம். பழைய புட்டி என்றால் ஒவ்வொன்றின் ஒயின் மட்டத்தையும் படத்தில் காட்டச் சொல்லுங்கள். 20 வயதுப் புட்டியில் மட்டம் கழுத்திலோ கழுத்தடியிலோ நிற்க வேண்டும். தோள்பட்டை நடுவுக்கு இறங்கியிருந்தால் கார்க் உலர்ந்து காற்று புகுந்திருக்கலாம். கார்க் மேலே துருத்தியிருந்தாலோ, மூடியுறைக்குக் கீழே கசிவுக் கறை இருந்தாலோ வெப்பம் தாக்கியிருக்கலாம், விட்டுவிடுங்கள்.

போலிகள் கற்பனை அல்ல. அரிய ஒயின்களைப் போலியாகத் தயாரித்த ரூடி குர்னியவானுக்கு 2014இல் நியூயார்க்கில் 10 ஆண்டுச் சிறை கிடைத்தது. 2012இல் லஃபீத் தன் புட்டிகளில் தனி எண் கொண்ட முத்திரை ஒட்டத் தொடங்கியது. அதற்கு முன்பே தோட்டத்தை விட்டு வெளியேறிய 1996 புட்டியில் அது இல்லாதது குற்றமல்ல. அங்கே ரசீதுதான் சாட்சி.

படி 5: கிடங்கு

பிரிட்டனில் வாங்கினால் சுங்கக் கிடங்கிலேயே வைத்திருங்கள். அங்கே இருக்கும்வரை இறக்குமதித் தீர்வையும் மதிப்புக்கூட்டு வரியும் விழாது. 12 முதல் 14 டிகிரி வெப்பம், 70 விழுக்காடு ஈரப்பதம், புட்டி படுத்த நிலையில். கணக்கு உங்கள் சொந்தப் பெயரில் இருக்கட்டும், வணிகர் பெயரில் வேண்டாம். வீட்டுக்கு எடுத்துவந்தால் பதிவுச் சங்கிலி அறுந்து விலை இறங்கும்.

படி 6: கணக்கைப் போட்டுவிட்டு வாங்குங்கள்

உதாரணத்துக்கு, பெட்டி 6,000 பவுண்டு. கிடங்கு, காப்பீடு ஆண்டுக்கு 15. விற்பனைக் கமிஷன் 10 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாண்டில் விலை 10 விழுக்காடு ஏறி 6,600 ஆனால், கமிஷன் 660, கிடங்கு 75 போக, கையில் 5,865. ஏறியும் 135 நட்டம்! முதலைத் திரும்ப எடுக்கவே 6,750க்கு விற்க வேண்டும், அதாவது 12.5 விழுக்காடு. பணவீக்கம் இதில் சேரவில்லை.

விற்கும்போது பெட்டியைப் பிரிக்காதீர்கள். பிரித்த பெட்டியின் புட்டிகளுக்கு ஏலத்தில் குறைந்த விலைதான் கேட்பார்கள்.